துண்டு வெட்டும் நாள்

நபீறாவுக்கு மிஞ்சிக் கிடப்பது ஒரேயொரு சொல்:
இல்ல.

மூளையில் இரத்தம் கட்டிய அந்த வெள்ளிக்கிழமை
மற்றதையெல்லாம் கழுவிக்கொண்டு போய்விட்டது.
என் பேர், மகளின் பேர், உப்பு, கதவு, மழை.
தண்ணீர் வேணுமென்றாலும் இல்ல.
கட்டாரிலிருந்து மகள் எடுத்தால் திரையைத் தடவித் தடவி
இல்ல, இல்ல, இல்ல.
இருபத்தாறு நாளில் நான் இராகம் பிரித்துவிட்டேன்.
இழுத்தால் தண்ணீர்.
வெட்டிச் சொன்னால் திருப்பிப் படுக்க வை.
மூக்கால் வந்தால் பாங்கு கேட்டுவிட்டது,
முக்காட்டை இழுத்து விடு.

எனக்கும் இந்த ஆஸ்பத்திரியில் ஒரே சொல்தான்:
சரி சேர்.

இறக்காமத்தில் என் களத்துக்கு நெல் வாங்க வருகிறவன்
ஈரமென்று மூட்டைக்கு இரண்டு கிலோ கழித்தால்
தராசைக் காலால் தள்ளிவிடுவேன்.
அந்த வாய்தான் இது.
திங்கட்கிழமை அம்பாறை பஸ்ஸில்
பசளைக் கடை ரசீதின் பின்பக்கம்
ஐந்து கேள்வி எழுதி வைத்து
வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன்.
பக்கத்தில் இருந்தவர் ஓதுகிறேனென்று நினைத்து
ஒதுங்கி இடம் விட்டார்.

கட்டிலைச் சுற்றி எட்டுப் பேர்.
கோப்பு புரண்டது. சிங்களம் என் தலைக்கு மேலால் ஓடியது.
பிறகு யாரோ பாதித் தமிழில்:
வியாழன் துண்டு வெட்டலாம்.
சரி சேர்.
குழாயால கஞ்சி குடுங்க, லேசுதான்.
சரி சேர்.
கிளினிக் ஒரு மாசத்தில.
சரி சேர்.
ரசீது சட்டைப் பையிலேயே வியர்வையில் ஊறிப்போனது.
நபீறா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்,
அந்த எட்டுப் பேரையும் அல்ல.

செவ்வாய் இரவு, வாட்டில் நிற்கும் மைனி
போனில் சொன்னா:
வலக்குதி கறுத்துப்போய்க் கிடக்கு தம்பி,
இஞ்ச ஒருத்தரும் பாக்கல்ல.

புதன். அதே எட்டுப் பேர்.
நாளைக்குத்தானே, என்று டொக்டர் பேனையை எடுத்தார்.
நான் வாய் திறந்தேன்.
வந்தது நபீறாவின் சொல்.

இல்ல.

சத்தமாகச் சொல்லவில்லை.
வெட்டிச் சொன்னேன், அவள் திருப்பச் சொல்வதுபோல.
பின்வரிசையில் ஒரு பிள்ளை சிரிப்பை விழுங்கியது.
"ஆறாம் வாட்டில தமிழ் தெரிஞ்ச மிஸ் ஒராள் இரிக்கா.
அவவக் கூப்பிடுங்க சேர். நான் நிக்கன்."
அவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.
நானும் அதே மணிக்கூட்டைப் பார்த்தேன்: பத்து இருபது.
முழங்கால் ஆடியது, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.
பொத்துவில் பிள்ளை சுமையா மிஸ் மூச்சிரைக்க வந்தபோது
பத்து முப்பத்தெட்டு.

கேட்டேன்.
குழாய் ராவில கழண்டா ஆர் போடுற?
எனக்குப் பழக்காம எப்பிடி அனுப்புவீங்க?
மூண்டு தரம் புரைக்கேறினது, திகதியெல்லாம் இந்தா,
உங்கட கோப்பில இரிக்கா?
நாலாவது மறந்துபோனது.
ஐந்தாவதைக் கேட்கவில்லை,
போர்வையைத் தூக்கினேன்.

டொக்டர் குனிந்தார்.
குதியைத் தன் உள்ளங்கையில் ஏந்தி நெடுநேரம் பார்த்தார்.
"இத எழுதியில்லையாம்" என்றாள் சுமையா, மெதுவாக.
அவர் என்னைப் பார்த்து இன்னும் ஏதோ சொன்னார்.
அதை அவள் தமிழாக்கவில்லை,
நானும் கேட்கவில்லை.

வென்றேனென்று சொல்ல ஏலாது.
வியாழன் திங்களாகியது.
குழாய் பழக்க இரண்டு காலை.
காற்று மெத்தை கேட்டேன், இல்லை.
சக்கர நாற்காலி இல்லை, விண்ணப்பப் படிவம் இருக்கிறது.
அந்தச் சொல் அவர்களுக்கு முன்பே பாடம்.

எல்லாரும் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்த பிறகு
பிளாஸ்க்கைச் சரித்தேன், பாதித் தேத்தண்ணி நிலத்தில்.
நபீறா இடக்கையால் என் சட்டையை இழுத்தாள்.
இல்ல.
தண்ணியா?
இல்ல.
திருப்பவா?
இல்ல.
பாங்குக்கு இன்னும் நேரம் கிடக்கு புள்ள.
இல்ல.

இந்த இராகம் நான் பிரித்து வைத்ததில் இல்லை.
நெல் முதலாளியோடு நான் மல்லுக்கட்டும் நாளில்
களத்து ஓரத்தில் நின்று சொல்வாள்,
போதும், வாங்க, சோறு ஆறுது என்று.
அதுவாக இருக்கலாம்.
இல்லாமலும் இருக்கலாம்.
மணி அடித்தது, ஆண்கள் வெளியே போகவேண்டும்.
நிலத்தைத் துடைக்க ஒரு துணி தேடினேன்.